தன்மை ஒருமை

யீஷூன், எட்டாவது மாடி.
சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை.
பத்தொன்பது வருடம்
உறையில் வந்தது சம்பளம்:
சீனப் புத்தாண்டில் மிஞ்சிய சிவப்பு உறை,
கிழிந்த வங்கி உறை,
சில மாதம் வெறும் வாய்ச்சொல்:
"டீச்சர், அம்மா அடுத்த வாரம் தர்றாங்களாம்."

முதலாளியும் நானே தொழிலாளியும் நானே
என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.
மசே நிதிக்கு
இருவருமே போடவில்லை.

ஐம்பத்தாறு முடிந்த செவ்வாய்க்கிழமை
கைபேசியில் கணக்கைத் திறந்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
துடைத்த பிறகும் அதே தொகை.

இப்போது மாதம் நூற்றிருபது வெள்ளி,
தியாகுவின் நாலு சனிக்கிழமை.
போட்டால் திரும்ப எடுக்க முடியாது,
உறுதியா? என்கிறது திரை.
இத்தனை வருடத்தில் என்னிடம்
உறுதியா என்று கேட்ட முதல் ஆள்.

அறுபத்தைந்திலிருந்து சாகும்வரை தருவார்களாம்.
அதிக நாள் இருந்தால் எனக்கு லாபம்.
அன்றிலிருந்து
மின்தூக்கியை மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டு
மிச்சத்தைப் படியேறுகிறேன்,
போட்ட காசைக் காப்பாற்ற.
ஆறாம் மாடி மலாய்க்கார அக்கா கேட்கிறாள்,
மின்தூக்கி கெட்டுவிட்டதா?

மூன்று காலங்களை எழுது என்றால்
தியாகு பென்சிலைக் கடித்துக்கொண்டே எழுதுகிறான்:
இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்.

சரிதான்.
இறந்ததை முதலில் வைத்து
எதிர்காலத்தைக் கடைசிக்குத் தள்ளிய
அந்த இலக்கணக்காரருக்கு
மாதாமாதம் யார் போட்டார்களோ.