அங்கி வெளுப்பவள்

ஈஸ்டர் ஞாயிறு. ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம்.
ஒன்பது அங்கிகளும் நான் தைத்தவை,
மடிப்புக் கலையாமல் ஓடைக்குள் இறங்கியவை.
ஏறி வந்தபோது
ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கறுப்புக் கோடு,
தண்ணீர் எதுவரை என்று காட்டியபடி.

போதகர் ஓபுனாதே எண்ணெய்ப் படலத்தை
முழங்கையால் இருபுறமும் தள்ளித்தான் முழுக்காட்டினார்.
பிதாவுக்கும் குமாரனுக்கும் நடுவே
"சீக்கிரம், சீக்கிரம்" என்றதும் என் காதில் விழுந்தது.
பன்னிரண்டு வயது இபிஃபூரோ எழுந்ததும்
அல்லேலூயா சொல்லவில்லை.
துப்பினாள்.

கச்சா எண்ணெய்க் கறை சோப்புக்கு அசையாது.
ஒக்ரிகாவில் குழந்தைக்கும் தெரியும் இது:
முதலில் மண்ணெண்ணெய்.
கறையை எடுக்க அதன் பங்காளிதான் வர வேண்டும்.
பிறகு சோப்பு, பிறகு வெயில்,
அதுவும் கரித்தூள் விழாத நேரம் பார்த்து.

மண்ணெண்ணெய்க்கு எனக்குச் செலவில்லை.
என் மகன் டெகேனா கொண்டுவருவான்,
மஞ்சள் கேனில், இரவு மூன்று மணிக்கு,
புருவம் கருகி.
அலையாத்திக் காட்டுக்குள் அடுப்பு எங்கே என்று
நான் கேட்டதில்லை.
குழாயைத் துளைத்தது யார் என்றும்.
"கம்பெனி கசியவிட்டது நாற்பது வருஷம், அம்மா,
நான் நாலு வருஷம்தானே" என்பான்.
கணக்கு சரிதான்.
சேற்று நத்தைக்குக் கணக்குத் தெரியாது.

தசமபாகம் தவறவே மாட்டான்.
சபையின் ஜெனரேட்டர் குடிப்பதும் அவன் டீசல்தான்.
இந்த ஓடைக்கு நாம் சொந்தக்காரர் அல்ல,
காவல்காரர் மட்டுமே என்று
மைக்கில் போதகர் முழங்கும்போது
அந்த முழக்கமும் அதில்தான் எரியும்.
நான் முதல் வரிசையில் ஆமென் சொல்வேன்,
சத்தமாக.

திங்கள் காலை எட்டு அங்கிகள் முடிந்தன.
ஒன்பதாவது சின்னது, இபிஃபூரோவுடையது.
தேய்த்தேன். பிழிந்தேன். வெளுத்துவிட்டது.
அலுமினியப் பேசினைத் தூக்கிக்கொண்டு
ஓடைக்கு நடந்தேன்,
கால் தானாகப் போகும் பாதை.

கவிழ்க்கக் குனிந்தபோது
பேசினுக்குள் ஒரு வானவில் சுழன்றது.
ஓடையின் மேலும் அதே வானவில்,
எந்த உடன்படிக்கைக்கும் அடையாளம் அல்லாதது.
இருபத்தாறு ஈஸ்டர்.
பாவம் கழுவிய துணியைக் கழுவி
அந்தத் தண்ணீரை
பாவம் கழுவுகிற இடத்திலேயே
ஊற்றி வந்திருக்கிறேன்.

திரும்பினேன்.
மரவள்ளிப் பாத்தியில் ஊற்றலாமா?
எட்டடியில் பக்கத்து வீட்டுக் கிணறு.
ரோட்டோரச் சாக்கடையில்?
மழை வந்தால் அது எங்கே போகும்?
ஒரே ஒரு பேசின் தண்ணீர்,
வைக்க இடமில்லை உலகத்தில்.

கை வலித்தது. அப்படியே
டீக்கன்மார் கூட்டத்துக்குள் போனேன்.
அடுத்த வருஷம் போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து
டேங்கர் தண்ணீர், நீல பிளாஸ்டிக் தொட்டி:
டொகுபோ விலைப்பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்.
காணிக்கைத் தட்டை ஒதுக்கி
மேசைமேல் பேசினை வைத்தேன்.
தளும்பி, தொட்டியின் விலைமேல் சிந்தியது.

"இது என்ன, சகோதரி போமா?"

வழியெல்லாம் ஒரு நல்ல வாசகம் யோசித்து வந்தேன்.
மறந்துவிட்டது.
"இதை எங்கே ஊற்ற?" என்றுதான் கேட்டேன்.

வாசலில் டெகேனா,
ஜெனரேட்டருக்கு ஊற்ற வந்தவன், கேனும் கையுமாக.
யாரும் பதில் சொல்லவில்லை.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பிறகு அதன் வேகம் குறைந்தது.
பிறகு இறக்கைகள் மூன்று என்று எண்ண முடிந்தது.

அவன் மூடியில் கை வைத்திருந்தான்.
திறக்கவில்லை,
இன்னும்.