முன்னிருக்கைக் கணக்கு

சமூகவியல், முதலாம் ஆண்டு, மாலை வகுப்பு.
எனக்கு நாற்பத்தாறு.
விரிவுரையாளர் ஹ்லெங்கிவே ஸூங்குவுக்கு
முப்பதுகூட இராது.
"தினமும் பார்க்கும் ஒன்றை
இன்றுதான் கப்பலிலிருந்து இறங்கியவர் போலப் பாருங்கள்.
இரண்டு பக்கம் போதும்" என்றாள்.
கப்பல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"என்ன, கோகிலாம்பாள்?"
கல்லாவில் என் சட்டையில் குத்திய அட்டை
கோகி என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.
இந்த ஊரில் முழுப்பெயரையும்
தடுக்காமல் சொன்னவள் அவள்தான்.

நான் டாக்ஸியை எடுத்துக்கொண்டேன்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து வார்விக் சந்திப்பு வரை
பதினைந்து பேர், ஒரு வெள்ளை வேன்,
கயிற்றால் கட்டிய கதவு.
பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு,
ஐம்பது ராண்ட் தாள், "ரெண்டு பேர்."
தாள் என் கைக்கு வருகிறது, முன்னால் போகிறது.
மிச்சம் பதினான்கு ராண்ட்
அதே கைகள் வழியே
ஒரு காசு குறையாமல் திரும்புகிறது.
யாருக்கும் யாரையும் தெரியாது.
ரசீது கிடையாது, பலகை கிடையாது.
ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரே கணக்குப்பிள்ளை;
கூட்டல் வராதவர் அங்கே உட்காரக் கூடாதென்று
எந்தச் சட்டமன்றம் சொன்னது?
இருபது வருடமாக நான் பின்வரிசைக்காரி.

"விதி இருப்பது தெரிய வேண்டுமானால்
ஒருமுறை மீறிப் பாருங்கள்" என்றிருந்தாள்.
செவ்வாய்க்கிழமை மீறினேன்.
வந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
யாரோ தொண்டையைச் செருமினார்.
தக்காளிக் கூடைக்காரி மெதுவாக,
"ஆன்ட்டி, காசு" என்றாள்.
திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னாள்.
காது மடல் இரண்டும் சுட்டன.
பத்து நொடி தாங்கவில்லை, கொடுத்துவிட்டேன்.
கண்ணுக்குத் தெரியாத சுவரில்
நெற்றி இடித்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

இரண்டு பக்கம் எழுதினேன்.
ஒரு வரியை அழித்தேன்.

பென்சில் எழுத்து. அழித்தாலும் தாளில் பள்ளம் இருக்கும்.
விளக்கில் சாய்த்துப் பார்த்திருப்பாள் போல.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி:
"இங்கே என்ன இருந்தது?"

இது இருந்தது.
மூன்றாவது நிறுத்தத்தில் உம்லாசிப் பையன் ஒருவன் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தான்.
மடியில் பொறியியல் புத்தகம்.
என் இடது கை போய்
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடியது.
நான் சொல்லவில்லை. அதுவாகப் போனது.
அவன் பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான்.
ஒரு நிமிடம் கழித்து அவனிடமே
யாரோ தந்த நூறு ராண்டைத்
திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டினேன்.

அதே கை.

நான் பிறக்கும் முன்பே ஏதோ ஓர் அலுவலகத்தில்
ஒருவன் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்திருக்கிறான்:
இந்த மேடு உங்களுக்கு, அந்த மேடு அவர்களுக்கு,
நடுவில் ஆறும் ஆளில்லாப் புல்லும்.
சட்டம் போய் எத்தனையோ தேர்தல் ஆகிவிட்டது.
கோடு என் முழங்கை வழியாக
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த கல்லாவின் தெல்மா கேட்கிறாள்:
"அப்படி என்னதான் படிக்கிறாய்?
ஊர்வம்புக்கெல்லாம் பட்டம் தருகிறார்களா?"
தருகிறார்கள், தெல்மா.
ஆனால் வம்பு நம்மைப் பற்றியது,
எழுந்து போகவும் முடியாது.

இன்று மழை. முன்னிருக்கை மட்டும் காலி.
எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு
வேறெங்கோ பார்க்கிறார்கள். ஏறினேன்.
"நாலு பேர்" என்று நூறு ராண்ட் வருகிறது.
நான்கு பதினெட்டு எழுபத்திரண்டு,
மிச்சம் இருபத்தெட்டு.
இரண்டுமுறை எண்ணிப் பின்னால் கொடுக்கிறேன்.
கைப்பை காலடியில்.
ஜிப் மூடியிருக்கிறதா என்று
இன்னும் குனிந்து பார்க்கவில்லை.
பார்க்க வேண்டும்போல்தான் இருக்கிறது.