ஆள் வருது

சேனூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு
ஷூ கம்பெனி வேனில் ஆறு வருஷம்
பக்கத்து சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வந்தது.
யாராவது நின்றால், “ஆள் வருது” என்பேன்.
யாரும் வந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம்
ஷாகிரா கேட்கவே இல்லை.
பையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.
விரல்களில் என்னைப்போலவே பசை நாற்றம்.
“வெயிலு ஆளக் கொல்லுதுக்கா” என்றவள்
சிப்காட் தாண்டுமுன் தூங்கிப்போனாள்,
தலை என் தோளில்.

ஒரு தலைக்கு இவ்வளவு எடையா?
விட்டுப்போனவன் சாய்ந்தபோதுகூட
இப்படிக் கனத்ததில்லை.
அன்றைக்கு நான்தான்
தோளை இறுக்கி வைத்திருந்தேனோ என்னவோ.

திருவலம் பாலத்தில் வேன் குலுங்கியது.
கீழே பொன்னையாறு, மணலும் கோரையுமாக.
“மெதுவா ஓட்டுண்ணே!”
கத்தியது நானா என்று
மொத்த வேனும் திரும்பிப் பார்த்தது.

தோள் மரத்துவிட்டது.
எச்சில் வழிந்து துணி நனைந்தது.
சேனூர் வந்தது,
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்,
தலையாட்டினேன்,
சேனூர் போனது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் விழித்தாள்.
“ஐயோ, உங்க ஸ்டாப்பு போயிடுச்சேக்கா!”
போகட்டும் என்றேன்.

திரும்பி நடக்கையில்
பையை எந்தத் தோளில் மாட்டுவது என்று
கொஞ்சம் யோசித்து,
மற்றதில் மாட்டிக்கொண்டேன்.