சிறப்பு அழைப்பாளர்

நூலகக் குழுவில் ஒன்பது பேர்.
எட்டுப் பேருக்கு வாக்கு உண்டு.
ஒன்பதாவது நான், நூலகர்,
சிறப்பு அழைப்பாளர்.
சிறப்பு என்னவென்றால்
தேநீர் முதலில் எனக்குத்தான் வரும்,
கதவோரம் உட்கார்ந்திருப்பதால்.
நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் நான்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற சாலையில்
கருங்கல் ஏற்றிய லாரி மேடேறும்போது
கூட்ட அறையின் கண்ணாடி நடுங்கும்.
குவாரித் தூசு இயற்பியலில் படிந்து
வேதியியலில் படிந்து
தமிழுக்கு வரும்போது தடித்திருக்கும்.
தமிழை யாரும் எடுப்பதில்லை என்பதால் அல்ல,
அது ஜன்னலோரம் இருக்கிறது.
துணைவேந்தரிடம் இருமுறை விளக்கியிருக்கிறேன்.

பொருள் ஒன்று: மின்னிதழ்ச் சந்தா.
"எல்லாம்தான் நெட்ல கிடைக்குதே மேடம்"
என்றார் வணிகவியல்.
அவருடைய கடைசிக் கட்டுரைக்குப்
பதினெட்டு மேற்கோள்
இறக்கிக் கொடுத்தது நான்.
எழுதினேன்:
உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்.

பொருள் இரண்டு: நூலகர் ஆசிரியரா, அலுவலரா?
கோடை விடுமுறை என்றால் அலுவலர்.
விடைத்தாள் கட்டுகிற நாளில் ஆசிரியர்.
தெளிவுரை வரட்டும் என ஒத்திவைக்கப்பட்டது.
ஏழாவது முறை.
பழைய குறிப்பிலிருந்து அந்த வரியை
அப்படியே எடுத்து ஒட்டினேன்,
எழுத்துப்பிழையோடு.

பொருள் மூன்று: வேடியப்பன்.
பதினோரு வருடம் தொகுப்பூதியம்.
கணினி படுத்துவிட்டால்
எந்த நூல் எந்தத் தட்டில் என்பது
அவனுக்கு மட்டுமே தெரியும்.
நிதி நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும்.

பொருள் நான்கு: இருப்புச் சரிபார்ப்பு.
காணாதவை நாற்பத்தொன்று.
"பொறுப்பானவங்க சம்பளத்துல பிடிங்க" என்றார் தலைவர்.
பொறுப்பானவர்கள் என்றால்
நானும், வெளியே ஏணிமேல் நின்று
தூசு தட்டிக்கொண்டிருந்தவனும்.

வாக்கில்லாத வாயால் கேட்டேன்:
"யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து
என்று எழுதிக்கொள்ளவா ஐயா?"
"எழுதுங்க. எல்லாம் ஒண்ணுதான்"
என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

எழுதினேன்.
இணைப்பு மூன்றில் நாற்பத்தொரு வரி.
பதினேழு வரிக்கு நேரே
துண்டுச் சீட்டின் எண், தேதி,
பச்சை மையில் அவர் எழுதியிருந்தது:
'டிரைவரிடம் கொடுத்தனுப்பவும்.'

அடுத்த கூட்டம்.
"போன கூட்டக் குறிப்பை உறுதி செய்யலாமா?"
எட்டுத் தலைகள் அசைந்தன.
இணைப்பை ஒருவரும் புரட்டவில்லை.
அதே பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.
இந்தப் பல்கலைக்கழகத்தில்
இணைப்புகளைப் படிப்பது
கணக்குப் பிரிவு மாதேஸ்வரி மட்டும்தான்.

ஜூன் மாதச் சனிக்கிழமை.
மூடுகிற நேரம்.
டிரைவர் ஒரு மாம்பழப் பெட்டியைத்
தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்.
வைக்கோலுக்குள் பதினாறு நூல்கள்,
மேலே மறைப்புக்கு நான்கு பெங்களூரா.
"இன்னொண்ணு வீட்ல தேடுறாங்க."

வேடியப்பன் ஒவ்வொன்றாக முகர்ந்து
முத்திரை குத்தினான்.
பொருளாதார நூல் ஒன்றின் முகப்புப் பக்கத்தில்
யாரோ குழந்தை யானை வரைந்திருந்தது.
அபராதம் எழுதப் பேனா எடுத்தேன்.
யானை நன்றாகவே இருந்தது.

பழத்தை வரவு வைக்கப் பதிவேடு இல்லை.
அறுத்தோம். புளிப்பு.
உப்பும் மிளகாய்த்தூளும்
கேன்டீனிலிருந்து வந்தன.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான்
அன்று பஸ் ஏறினேன்.

ஆடியில் வீடு வெள்ளையடிக்க
டிவி ஸ்டாண்டை நகர்த்தினோம்.
பின்னால் விழுந்து கிடந்தது
வரிசை எண் இருபத்தொன்பது.
மூன்று வருடத்துக்கு முன்
பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.
சீட்டும் எழுதவில்லை. நூலகர் அல்லவா.

திங்கட்கிழமை
இணைப்பு நான்கைத் தட்டச்சு செய்தேன்.
ஒரே வரி, என் பெயர், விலை
இருநூற்று எண்பது.
எட்டுப் பேரும் படிக்கமாட்டார்கள்.

மாதேஸ்வரி படிப்பாள்.