பத்தாவது நட்

பேட்டரி கன். முதல் தவணை கட்டியாச்சு.
ஹோஸ் வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம்,
கரண்டு போனாலும் கவலையில்லை என்றான்
வண்ணாரப்பேட்டைக் கடைக்காரன்.

பணகுடி விலக்கு. ராத்திரி ரெண்டு மணி.
உவரி மீன் ஏற்றிய ராயப்பன் லாரி
பின் உள்சக்கரம் வெடித்து நிற்கிறது.
ஐஸ் உருகி ரோட்டில் ஒழுகுகிறது.

ஒன்பது நட் சொன்ன பேச்சு கேட்டன.
பத்தாவது, கடலுப்பு தின்றது.
டக்டக்டக்டக்.
நாலு கோடு வெளிச்சம் மூன்றாகி, ஒன்றாகி,
சிவந்து,
அணைந்தது.

"என்னவே, உம்ம துப்பாக்கிக்கு உறக்கம் வந்துட்டோ?"

ஓம்னியில் சீட்டடியில் பழைய ஏர் கன்,
ஹோஸோடு. பாசத்தில் வைத்திருக்கவில்லை,
இறக்க மறந்தது.
காற்றுக்கு எங்கே போக?
காற்றாலைகள் சிவப்பு விளக்கோடு
யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் உறைத்தது.
"எஞ்சினை அணைக்காதீரும்."
பிரேக் டேங்கில் மாட்டினேன்.
முள் எட்டுக்கு ஏறும்வரை பொறுத்து
ஒரு அடி.
முள் விழும். பொறுக்கணும்.
இன்னொரு அடி.
ஏழாவதில்
கிறீச்சென்று ஒரு நூல் திரும்பியது.

கூலியோடு ரெண்டு சீலா கொடுத்தான்.
வண்டி முழுக்கக் கவுச்சி.
இன்னும் பதினோரு தவணை.
சார்ஜரில் சிவப்பு பச்சையாவதைப் பார்த்தபடி
ஹோஸைச் சுருட்டி
மறுபடி சீட்டடியிலேயே தள்ளுகிறேன்.