கடைசிப் பதினோரு நிமிடம்

படகில் இருக்கிற பிரதியில்
கடைசிப் பதினோரு நிமிடம் கிடையாது.
மார்த்தாண்டத்தில் மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற பையன்
சோறு தின்னப் போகிற அவசரத்தில்
பாதியில் பிடுங்கிக் கையில் தந்துவிட்டான்.
அதனால் ஒன்பது வருடமாக அந்தப் பெண்
மலை மேல் ஒரு ரயில் நிலையத்தில்
கைக்குட்டையைத் திருகிக்கொண்டு நிற்கிறாள்.
ரயில் வருகிற சத்தம் கேட்கிறது.
பிறகு வெறும் நீலம்.

ஒரு தங்கலுக்கு நாற்பது நாள்.
தூண்டில் இறக்கிவிட்டுச் சூரைக்குக் காத்துக் கிடக்கிற ராத்திரி
பன்னிரண்டு பேர், ஒரு போன்.
இந்தி தெரிந்தவர் யாருமில்லை.
வேராவல் துறையில் ஐசுக்கும் டீசலுக்கும்
விலை பேசுகிற இந்தி இருக்கிறது,
அதை வைத்துக் காதலிக்க முடியாது.

படத்தில் அவன் வானிலை ஆபீஸ் குமாஸ்தா.
மழை என்று எழுதுகிற அன்றைக்கு வெயில் கொளுத்தும்.
அவள் தந்தி ஆபீஸ்.
தப்பென்று தெரிந்தே
அவன் எழுதியதை ஊரெல்லாம் தட்டி அனுப்புகிறவள்.
முதல் இரண்டு வருடம் அந்த இடத்தில்
படகே குலுங்கச் சிரிப்பார்களாம்.
ஒக்கி கழிந்த பிறகு சிரிக்கிறதில்லை.
ஓட்டி விடுகிறதுமில்லை.
ஸ்டெலஸ் மட்டும் எழும்பிப் போய்
வயர்லெஸ்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு
வந்து இருப்பான்.

துறை பிடித்தால் முதல் போன் எனக்கு.
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா,
சங்கத்தில் வட்டி கட்டியாச்சா,
பிறகு தொண்டையைச் செருமுவார்:
"மெர்சிட்டா, அந்தப் படம் டிவியில வந்துதா?
கடைசில என்னவாக்கும்?"

வருகிறது, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.
ஏழு தடவை பார்த்திருக்கிறேன்.
ஏழு தடவையும் மூக்கைச் சிந்தியிருக்கிறேன்,
குழம்பு அடிப்பிடித்திருக்கிறது.
ஆனால் அவருக்குச் சொன்னது வேறே.

முதல் வருடம்: அவன் வந்து இறங்கினான்,
அவள் குடையைத் திருப்பிக் கொடுத்தான்.
வீட்டுக்கு வார்ப்புப் போட்ட வருடம்:
அவனுக்கு அங்கேயே சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.
மூத்தவளின் முதல் நற்கருணைக்கு
அவர் வராத வருடம்:
அவள் அந்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும்.
"அவளுக்கும் கோபம் இருக்கும்லா" என்றார்.
வைத்துவிட்டார்.

ஸ்டெலஸின் பெண்டாட்டி ஷைஜா
அவள் பங்குக்கு ஒன்றைச் சொல்லித் தொலைத்தாள்.
கரை தெரியாத கடலில் பன்னிரண்டு ஆம்பிளைகள்
யாருடைய முடிவு சரியென்று
கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறார்கள்.

உண்மையில் என்ன நடக்கிறதென்று
இதிலும் எழுதமாட்டேன்.
படித்தாலும் படிப்பார்.

இந்தத் தடைக்காலத்தில் அவர் வீட்டில்.
இரவிபுத்தன்துறையில் ஆனி மழை,
கால்வாய் நிறைந்து ரோட்டுக்கு வந்திருந்தது.
ஞாயிறு, பூசை கழிந்து, மரச்சீனியும் மீனும் தின்று
தரையில் சாய்ந்து கிடந்தபோது
எதிர்பாராமல் அவள் வந்தாள்.
அதே கோட்டு, அதே பிடிவாதமான நெற்றி.
போனில் பெருவிரல் அளவு இருந்தவள்
இங்கே ஆள் உயரம்.
"இவளுக்கு இங்ஙன ஒரு மறு உண்டோ" என்றார்,
தாடையைக் காட்டி, ஏமாற்றப்பட்டவர் மாதிரி.
நான் ஒன்றும் பேசவில்லை.
வானிலை, தந்தி, குடை,
இரண்டு மணிநேரம் அசையாமல் இருந்தார்.

மலை வந்தது.
ரயில் நிலையம் வந்தது.
கைக்குட்டை.
சத்தம் கேட்டது, தண்டவாளம் நடுங்கியது,
ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக
வளைவில் புகை தெரிந்தது.

டிவி அணைந்தது.

"கறண்டு போச்சு" என்றார்.

ரிமோட் அவர் கைலி மடிப்பில்.
தலைக்கு மேலே விசிறி
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் மேலே பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.

நான் எழும்பிப் போய்
விசிறியையும் நிறுத்தினேன்.