கைமாற்று

மழலையர் பள்ளியின் பேரேடு என் பொறுப்பு.
பால்மாவு, தலையணை உறை, பல்துலக்கி நூற்றுப்பத்து,
நிலக்கரி தொண்ணூறு டன்.
ஏட்டில் அது ஒரே ஒரு வரி.
முற்றத்திலோ
எங்கள் பனிமனிதனுக்குக் கண் வைக்கக்
கரித்துண்டு தேடியதில்லை யாரும்.
உடம்பே கரிதான் அவனுக்கு.

ஜூனில் ஊலான்பாத்தரிலிருந்து துளைப்பு லாரி வந்தது.
சமையற்கட்டிலிருந்து இச்சின்ஹோர்லோ
கரண்டியோடு வந்து குறுக்கே நின்றாள்.
மண் கீறக் கூடாது என்றுதானே
எங்கள் காலணியின் மூக்கை
மேல்நோக்கி வளைத்துத் தைத்தார்கள்?

எத்தனை ஆழம்?
நூறு மீட்டர்.
எத்தனை குழி?
பன்னிரண்டு.

வாயடைத்து நின்றாள்.
பிறகு உள்ளே போய்ப் பால் எடுத்து வந்தாள்.
குழிக்கு ஒரு கரண்டி.
நான் ஏட்டில் எழுதினேன்:
பால், பன்னிரண்டு கரண்டி.
நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
காலியாக விட்டேன்.

கீழே நாலு டிகிரி, என்றாள்
பொறியாளர் நோமின்துயா.
நாலா? அதை வைத்து என்ன செய்ய?
மேலே முப்பத்தெட்டு இருக்கும்போது,
அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே,
நாலு என்பது வசந்தம், என்றாள்.
குழாய்க்குள் உறையாத நீர் இறங்கும்,
சில்லறை சில்லறையாய்ப் பொறுக்கி வரும்,
எந்திரம் அதை அழுத்தி
நோட்டாக மாற்றித் தரும்.
சில்லறை எனக்குப் புரியும்.

முதல் குளிர்காலம்.
குழந்தையை விட வந்த தாய்மார்
கையுறை கழற்றி ரேடியேட்டரைத் தொட்டார்கள்.
நெற்றிச்சூடுதான் இருந்தது.
ரிப்பேரா, என்றார்கள்.
பழைய கொதிகலன் காலத்தில்
தொட்டவர் விரல் கொப்பளிக்கும்;
ஜன்னலோரம் படுத்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகும்.
பதில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள்
நாலு வயது அனுஜின்
காலுறை இரண்டையும் உருவி எறிந்துவிட்டு
வெறுங்காலோடு ஓடினாள்.

துகர்சூரேன் பதினேழு வருஷம்
இரவு மூன்று மணிக்குக் கரி தள்ளியவன்.
இப்போது அவன் வேலை
இரண்டு வெப்பமானிகளைப் பார்ப்பது.
இன்னும் மூன்று மணிக்கே விழிப்பு வருகிறதாம்.
தோள் மட்டும் விழிக்கிறது,
நான் கூடவே எழ வேண்டியிருக்கிறது, என்கிறான்.

ஜனவரியில் ஒருநாள் மின்சாரம் போனது.
இரண்டு மணி பதினொரு நிமிடம்.
எல்லாரும் துகரைப் பார்த்தோம்.
துகர் கொதிகலன் இருந்த மூலையைப் பார்த்தான்.
அதைப் பழைய இரும்புக்கு
எடைபோட்டு விற்றது நான்.
சுவர்கள் பிடித்து வைத்திருந்த சூட்டில்
பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.
கம்ப்ரசர் மறுபடி முனகியபோது
இச்சின்ஹோர்லோ யாரையோ திட்டினாள், அன்பாக.

மூன்றாம் வருஷம் நோமின்துயா
கணினியை என் பக்கம் திருப்பினாள்.
நாலாக இருந்தது மூன்று புள்ளி ஒன்று.
எடுத்தோம், எடுத்தோம், கொடுக்கவே இல்லை.
மண் குளிர்ந்துபோகிறது.

பால் போதவில்லையோ, என்றாள் சமையல்காரி.
சிரிக்கவில்லை யாரும்.

அந்தக் கோடையில் கூரைமேல் கறுப்புத் தகடுகள் ஏறின.
பிள்ளைகள் மேய்ச்சல் வெளிக்குப் போய்விட்ட ஜூலை.
ஆளில்லாத கட்டிடம்
பகலெல்லாம் வெயில் வாங்கி
அதே பன்னிரண்டு குழி வழியே
கீழே இறக்கிக்கொண்டிருந்தது.
ஈக்களும் நானும் துகரும் மட்டும்.
தரையில் காது வைத்துப் பார்த்தான் அவன்.
ஒன்றும் கேட்கவில்லையாம்.
ஆனாலும் வெகுநேரம் வைத்திருந்தான்.

வட்டி கேட்கவில்லை, பத்திரம் எழுதவில்லை,
வேலி தாண்டி நீட்டிய ஒரு கிண்ணம் மாவு போல
வாங்கியிருக்கிறோம்.
கைமாற்று.
கேட்கமாட்டார்கள் என்பதாலேயே
திருப்பிக் கொடுத்தாக வேண்டிய வகை.

செப்டம்பரில் மூன்று புள்ளி ஆறு.

தணிக்கையாளர் வந்து ஏட்டைப் புரட்டினார்.
பால், பன்னிரண்டு கரண்டி,
இது என்ன செலவு, என்றார்.
காலிக் கட்டத்தில் பேனா வைத்து
முன்பணம் என்று எழுதிக் கொடுத்தேன்.
மீதி எவ்வளவு என்றார்.

புள்ளி நாலு, என்றேன்.
வெளியே முதல் பனி விழத் தொடங்கியிருந்தது,
வெள்ளையாகவே.